எங்கே நடந்ததாம்?

“எங்கே நடந்ததாம்?”

காலை நேரத்தில், கடையைத் திறந்து சாமான்களை ஒழுங்கு செய்தபடியே, என் தந்தையார் கேட்கும் கேள்வி இது. அவருக்குக் கண்ணில் புரை. எனவே செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை. பள்ளிக்குப் புறப்படுமுன் அரைமணி நேரம் படிப்பேன். “இளைஞர் வெட்டிக் கொலை” என்று தலைப்பை வாசிப்பேன். துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருக்கும் கை ஒரு கணம் நிற்கும். “எங்கே நடந்ததாம்?” ஊரின் பெயரைச் சொல்வேன். தொலைவிலுள்ள ஊர் என்றால் கை மீண்டும் நிறுக்கத் தொடங்கிவிடும். பக்கத்து மாவட்டம் என்றால் இரண்டாவது கேள்வி பிறக்கும்: “யார் ஆளுங்க?” அதற்கும் விடை சொல்வேன். “ஓ!” என்பார். அந்த ஓர் எழுத்திலே வழக்கு விசாரிக்கப்பட்டு, தீர்ப்பும் கூறப்பட்டு, கோப்பும் மூடப்பட்டுவிடும். “சும்மாவா வெட்டியிருப்பான்? ஏதாவது செய்திருப்பான். அடுத்த செய்தியைப் படி.”

அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! கடன் கேட்டு வந்த ஏழையை அவர் வெறுங்கையோடு அனுப்பியதை நான் கண்டதில்லை. 2015-இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, இரண்டு மூட்டை அரிசியை லாரியில் ஏற்றிவிட்டு, அன்றிரவு தொலைக்காட்சியின் முன் கண்ணீர் விட்டவர். திரைப்படத்திலே தாயைப் பிரியும் குழந்தை அழுதால் இவரும் அழுவார். அப்படிப்பட்டவர்தான் “ஓ!” என்றார். கொடியவர் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன். நல்லவர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளம் சாதி கேட்டு வருவதில்லை. வெட்டரிவாள் கேட்டுக்கொண்டு வருகிறது. ஆகவே வெள்ளத்துக்கு அழுதவர், வெட்டுக்கு முகவரி கேட்டார்.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், பலர் பார்த்துக்கொண்டிருக்க, சங்கர் என்ற பொறியியல் மாணவரும் அவரைக் காதலித்து மணந்த கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். கௌசல்யா தலையில் காயத்தோடு உயிர் தப்பினார். கண்காணிப்புக் கருவி பதிவு செய்த காட்சியைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டிற்று. அப்போது நான் பள்ளி மாணவன். வெட்டியவர்களைவிட அந்தக் காட்சியில் என் கண்ணை உறுத்தியவர்கள், சுற்றி நின்றவர்கள். ஓடியவர்கள் சிலர், ஒதுங்கியவர்கள் சிலர், நின்ற இடத்திலேயே நின்றவர்கள் சிலர். வெட்டியவர்கள் அவசரமின்றி வண்டியேறிப் போனார்கள். “ஒருவன்கூடத் தடுக்கவில்லையே!” என்று கொதித்தேன். தந்தையார் சொன்னார்: “நீ அங்கே இருந்திருந்தால் தடுத்திருப்பாயோ?” அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்றுதான் அந்தக் கேள்விக்கு விடை தெரிகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, உளவியல் வகுப்பிலே ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். டார்லி, லட்டானே என்ற இரு அமெரிக்க உளவியலார் 1968-இல் வெளியிட்டது. ஓர் அறையிலே ஆளை உட்கார வைத்து, படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லி, சுவரிலிருந்த துளை வழியே புகையை உள்ளே விட்டார்கள். தனியே இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து போய்ப் புகையைப் பற்றிச் சொன்னார்கள். அசையாமல் இருக்கும்படி முன்கூட்டியே ஏவப்பட்ட இருவரோடு உட்கார வைக்கப்பட்டவர்களிலோ, 10 விழுக்காட்டினர் மட்டுமே எழுந்தார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, படிவத்தை நிரப்பினார்கள்! பக்கத்திலிருப்பவன் அசையவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது அவர்கள் கணக்கு.

அதைப் படித்தபோது, உடுமலைப்பேட்டையின் புதிருக்கு விடை கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தேன். பரீட்சையிலும் அதையே எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். பிறகுதான் ஒரு குறை தெரிந்தது. அமெரிக்காவின் அந்த அறையில் புகை எல்லார் மூக்கிலும் ஏறியது. நம் நாட்டிலோ, ஒரே அறைக்குள்ளே சுவர் எழுப்பி, புகை அந்தப் பக்கம் இருப்பதாக நம்பிக்கொண்டு வாழ்கிறோம். “எங்கே நடந்ததாம்?” என்பது அந்தச் சுவர் இன்னும் நிற்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கேள்வி. ஆராய்ச்சி வெளிவந்த அதே 1968-இல், டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியிலே அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டவர்களின் சேரி தாக்கப்பட்டது. உயிர் தப்ப ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களில் 44 பேர் எரிந்து கரியானார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கல்லூரியிலே நான் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். படித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்த நண்பன் எழுந்து கேட்டான்: “இது எங்கே நடந்தது?”

இவ்வளவு படித்தவன், இவ்வளவு பேசியவன், ஆசிரியனாகி என்ன செய்தேன்? அதைச் சொல்ல வேண்டாமா?

என் வகுப்பு ஒன்பதாம் வகுப்பு. சேர்ந்த முதல் மாதத்திலேயே மாணவர்களின் மணிக்கட்டைக் கவனித்தேன். சிலர் கையில் ஒரு வண்ணக் கயிறு, வேறு சிலர் கையில் வேறு வண்ணம். சிலர் கையில் எதுவுமில்லை. இடைவேளையில் வண்ணம் வண்ணத்தோடு சேர்ந்தது, வெறுங்கை வெறுங்கையோடு சேர்ந்தது. சீருடை என்ற பெயரால் அரசு ஒன்றாக்கியதை, அரை அங்குலக் கயிறு பிரித்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து, “எல்லாரும் கழற்றிப் போடுங்கள்” என்றேன். போட்டார்கள். பெட்டியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். சாதியை ஒழித்துவிட்ட நிறைவோடு வீட்டுக்கு வந்தேன்! மறுவாரம் கயிறுகள் திரும்பி வந்தன, சட்டைக் கைக்குள் மறைந்தபடி. நான் பார்த்தும் பாராதவனானேன். பாடத்திட்டம் முடிக்க வேண்டியிருந்தது.

2023 ஆகஸ்டு 9 இரவு, நெல்லை மாவட்டத்து நாங்குநேரியிலே, பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியிலே தனக்கு நேர்ந்த சாதிக் கொடுமையை அவன் ஆசிரியர்களிடம் சொன்னதுதான் குற்றம். நாட்டையே உலுக்கிய செய்தி அது. எங்கள் ஆசிரியர் அறையும் ஒரு நாள் உலுங்கிற்று. பிறகு மூத்த ஆசிரியர் ஒருவர், “அந்தப் பக்கம் அப்படித்தான், நம் பக்கம் அவ்வளவு மோசமில்லை” என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். தேநீர் வந்தது. அந்நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை மாணவர்கள் அணியத் தடை வேண்டும், பள்ளிகளின் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. செய்தியை நான் வகுப்பிலே படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் சட்டைக் கைகளுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டே படித்தேன்.

இனி, நான் ஒளித்துவைத்திருந்த ஒன்று.

எங்கள் ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அப்பால், காலனி. அங்கே வாழ்ந்த கொத்தனார் ஒருவர், சேமித்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, எங்கள் தெரு வழியே, இறங்கித் தள்ளாமல், ஏறி ஓட்டிக்கொண்டு வந்தார். வேறெதுவும் செய்யவில்லை. தெருமுனையில் மறித்து அடித்தார்கள். மாலை ஆறரை மணி. சத்தம் எங்கள் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது. தந்தையார் கடையின் கதவைப் பாதி இறக்கினார். நான் மேசையருகே உட்கார்ந்து மறுநாளைக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பாடம், பிரெஞ்சுப் புரட்சி! ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்ற மூன்று சொற்களுக்கும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். வெளியே ஒரு மனிதன் “விட்டுடுங்க ஐயா” என்று கதறிக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை. புகை சூழ்ந்த அறையிலே படிவம் நிரப்பியவனைக் கேலி செய்தேனல்லவா? அவனும் நானும் ஒரே பெஞ்சு. உடுமலைப்பேட்டையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தந்தையார் கேட்டதற்கு விடையும் இதுதான்.

அந்தக் கொத்தனார் சில மாதங்களில் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டார். வழக்கு என்னவாயிற்று என்று எங்கள் தெருவில் எவரும் கேட்கவில்லை. அவர் மனைவியும் மகனும் காலனியிலேயே இருந்தார்கள். அந்த மகன் என் தம்பியின் வகுப்புத் தோழன். இருவரும் பதினோராம் வகுப்பு, இருவருக்கும் கைப்பந்தென்றால் உயிர். அவர்கள் நட்பு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அது வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, வட்டத் தலைநகரில் போட்டி முடிந்து இருவரும் கடைசிப் பேருந்தில் திரும்பினார்கள். பக்கத்து ஊரிலே கோவில் திருவிழா. பேருந்து கூட்டுச்சாலையிலேயே நின்றுவிட்டது. மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். தோளில் கை போட்டுக்கொண்டு, விளையாட்டைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். திருவிழாப் பந்தலருகே ஏழெட்டு இளைஞர்கள் மறித்தார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கொத்தனார் மகனை அடையாளம் தெரிந்துவிட்டது. “எந்த ஊருடா? எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். விடைக்குக் காத்திருக்கவில்லை. அவன் தோளில் கை போட்டு வருபவன் அவன் ஆளாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் முடிவு. உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். தம்பிக்கு இடது முன்கை எலும்பு முறிந்தது. தோழனுக்குத் தலையில் ஏழு தையல்.

அரசு மருத்துவமனையிலே என் தந்தையாரைப் பார்த்தேன். அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. தூணில் தலையை மோதிக்கொண்டு அழுதார். “கேட்பதற்கு ஆளில்லையா இந்த நாட்டில்? திருவிழாக் கூட்டம் முழுதும் நின்று பார்த்ததாமே! ஒருவனுக்காவது நெஞ்சில் ஈரம் இல்லையா? இவர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா?” வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். காவலரிடம் சொன்னார், செவிலியரிடம் சொன்னார், பழம் விற்கும் கிழவியிடமும் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒவ்வொரு சொல்லும், தெருமுனையில் ஒரு கொத்தனார் கதறியபோது பாதி இறக்கிய கதவின் பின்னே நின்றிருந்தவர் சொல்வது. நான் அதை அவரிடம் கூறவில்லை. கூற எனக்கு என்ன தகுதி?

எங்கள் தெருவே திரண்டு வந்துவிட்டது. ஆரஞ்சும் ஆப்பிளும் கட்டிலின் கீழே குவிந்தன. “யார் அடித்தது? சொல்லுங்கள், இன்றிரவே பார்த்துவிடுவோம்!” என்று மீசை முறுக்கினார்கள். இரண்டு கட்டில் தள்ளித் தலையில் கட்டோடு கிடந்தவனை அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே இரவு, அதே இடம், அதே கட்டை. இரண்டு கட்டில்களுக்கு நடுவே எத்தனை அடி இருக்கும்? பன்னிரண்டு இருக்கலாம். அந்தத் தொலைவை எங்கள் தெருவால் நடக்க முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, தோழனின் தாய் என்னிடம் வந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை.

“ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்கிட்டீங்களா, சார்?”

எனக்கு விளங்கவில்லை.

“டாக்டரு காயத்தைப் பத்தி எழுதுவாங்கல்ல, அந்தப் பதிவேடு. நம்ம சொல்றதைச் சரியா எழுதியிருக்காங்களான்னு பாத்துக்கணும். கட்டையால அடிச்சதுன்னு சொன்னா, கீழ விழுந்ததுன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆச்சு. எப்.ஐ.ஆர். காப்பியும் காசில்லாம தரணும் சார், அது சட்டம். தரலைன்னா விடாதீங்க.”

பட்டம் பெற்றவன் நான். முதல் தகவல் அறிக்கையின் படியைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அவர் அலைந்து அலைந்து இதையெல்லாம் கற்றுக்கொண்ட நாட்களில், நான் அவர் வீட்டுக்கு அரை மைல் தொலைவில், பிரான்சு நாட்டுப் பாஸ்டில் சிறை தகர்ந்த கதையைப் பிள்ளைகளுக்கு உணர்ச்சி பொங்க நடத்திக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, “இதுல இருக்குற மாதிரி எழுதிக் கேளுங்க” என்று நீட்டினார். அவர் கணவருக்காக எழுதப்பட்ட பழைய மனுவின் நகல் அது.

மூன்றாம் நாள் கதை திரும்பிற்று.

பக்கத்து ஊரிலிருந்து நான்கு பெரியவர்கள், வெள்ளை வேட்டியும் துண்டுமாக, காரில் வந்து இறங்கினார்கள். அடித்தவர்கள் எங்கள் சாதிப் பையன்கள்! (சாதியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. படிப்பவர் தம் சாதியின் பெயரை அங்கே போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் பொருந்தும்.) வந்தவர்களில் ஒருவர் பெண் கொடுத்த வகையில் தந்தையாருக்கு மைத்துனர் முறை.

“மச்சான், தெரியாமல் நடந்துபோச்சு. இருட்டு. பையன்கள் கொஞ்சம் குடித்திருந்தார்கள். நம்ம பிள்ளை என்று தெரிந்திருந்தால் கை வைத்திருப்பார்களா? ஆளை மாற்றி அடித்துவிட்டோமே என்று அவர்களே துடிக்கிறார்கள். மருத்துவச் செலவு எங்களுடையது.”

தோழர்களே, அந்த நொடியில் என் தந்தையாரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாய் எரிந்த நெருப்பு அணைந்தது. தோள்கள் தளர்ந்தன. “அப்படியா?” என்றார். பிறகு, மெல்ல, “ஓ!” என்றார்.

அதே ஓர் எழுத்து!

வன்முறை வீட்டு வாசலுக்கு வந்தால்தான் நம் மக்களுக்குப் புத்தி வரும் என்று மேடைகளில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். வாசலுக்கு வந்தது, வீட்டுக்குள் நுழைந்தது, பெற்ற பிள்ளையின் எலும்பை முறித்தது. வந்தது புத்தியல்ல, விலக்குக் கோரிக்கை. “அடிப்பது தவறு” என்று என் தந்தையார் மூன்று நாள் முழங்கியதாக நான் நினைத்தேன். “எங்களை அடிப்பது தவறு” என்றுதான் அவர் முழங்கியிருக்கிறார். முகவரி தவறிய கடிதம்போல, அடி தவறி வந்துவிட்டது. திருப்பியனுப்பிவிட்டால் போதும். உரிய முகவரிக்கு அது போய்ச் சேரலாம். அதில் யாருக்கும் மறுப்பில்லை!

பெரியவர்கள் கேட்டது பெரிதொன்றுமில்லை. என் தம்பி, “இருட்டாக இருந்தது, அடித்தவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை” என்று சொல்லிவிட வேண்டும். தோழனின் தலைக்காயத்துக்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகியிருந்தது. அந்தச் சட்டப்படி துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி விசாரிக்க வேண்டும். இரு தரப்பும் சமரசம் என்று எழுதிக் கொடுத்த மாத்திரத்தில் முடிந்துபோகிற வழக்கும் அன்று. ஆனால் சாட்சி இல்லாவிட்டால்? திருவிழாக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பாதிக்கப்பட்டவன் சொல்லோடு சேர்த்துப் பார்க்க, மிஞ்சிய ஒரே சாட்சி என் தம்பி. அவனும் அடித்தவர்களின் சாதிக்காரன் என்பதால் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். அந்த எடையைத்தான் காரில் வந்து வாங்கிப் போகப் பார்த்தார்கள்.

தந்தையார் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து, தலையைக் கோதி, பக்குவமாகச் சொன்னார். கடை, உறவு, நாளைக்கு நடக்க வேண்டிய தங்கையின் திருமணம், எல்லாவற்றையும் சொன்னார். அவற்றில் ஒன்றும் பொய்யான அச்சமல்ல. தம்பி பொறுமையாகக் கேட்டான். பதினாறு வயது. பகுத்தறிவு மேடை எதையும் அவன் கண்டதில்லை. நான் வாங்கிவைத்த நூல்களில் ஒன்றையும் அவன் தொட்டதில்லை, அது எனக்கு ஒரு மனக்குறை. அவன் கேட்டான்:

“அவன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டாங்களாப்பா?”

தந்தையார் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு நான் துணைக்கு இருந்தேன். விளக்கு அணைந்த பிறகு அவன் சொன்னான்: “அண்ணா, ரெண்டாவது அடி விழுந்தப்ப நம்ம தெருப் பேரு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. சொல்லியிருந்தா என்னைய விட்டிருப்பாங்க. சொல்லணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள கை ஒடிஞ்சு போச்சு, கத்துறதுக்கே மூச்சு வரலை. சொல்லாம இருந்தேன்னு நெனச்சு அவன் என்னைப் பெரிய ஆளா நெனைக்கிறான்.” சற்று நேரம் கழித்து, “அடையாளம் தெரியலைன்னு சொன்னா, அந்தத் தெருப் பேரை இப்பச் சொன்ன மாதிரி ஆயிரும்” என்றான். பிறகு திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டான். நான் விழித்திருந்தேன்.

குற்றவியல் நடுவரின் முன்னிலையில் அவன் வாக்குமூலம் கொடுத்தான். தனக்குத் தெரிந்த மூவரின் பெயரைச் சொன்னான். அழைத்துச் சென்றவன் நான். தந்தையார் வரவில்லை. அதன் பிறகு எங்கள் கடையில் வாங்கிக்கொண்டிருந்த பலர் அடுத்த தெருக் கடைக்குப் போகிறார்கள். தந்தையார் என்னோடு பேசுவதில்லை; தம்பியோடு பேசுகிறார். செய்தித்தாளை இப்போது என் தங்கை படித்துக் காட்டுகிறாள். அவர் என்ன கேட்கிறார் என்று நான் காது கொடுப்பதில்லை.

வழக்கு நடக்கிறது. இதுவரை இரண்டு முறை வாய்தா. ஒவ்வொரு முறையும் பையன்கள் இருவரும், மஞ்சள் பையோடு அந்தத் தாயும், நானும் ஒரே பேருந்தில் போய்த் திரும்புகிறோம். வழியில் அவர் அதிகம் பேசமாட்டார். அடுத்த தேதியை மட்டும் என்னைக் காகிதத்தில் பெரிய எழுத்தாக எழுதித் தரச் சொல்வார்.

சென்ற மாதம் வகுப்பில் ஒரு நாள். மீண்டும் பிரெஞ்சுப் புரட்சிக்கு வந்திருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்தான்.

“சார், உங்க தம்பியை அடிச்சது யாரு ஆளுங்க?”

வகுப்பு மூச்சடக்கிற்று. “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, உட்கார்” என்று சொல்லும் பழக்கம் நாவில் இருந்தது. அட்டைப் பெட்டி நினைவுக்கு வந்தது.

“எங்க ஆளுங்கதான்” என்றேன்.

அவன் உட்காரவில்லை. உண்மையிலேயே விளங்காதவனாக என்னைப் பார்த்தான்.

“உங்க ஆளுங்கன்னா, அப்புறம் எதுக்கு சார் கேஸு?”

புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, கொத்தனார் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து சொல்லத் தொடங்கினேன். பாதியில் மணி அடித்துவிட்டது. மறுநாள் அவர்களே, “மிச்சத்தைச் சொல்லுங்க, சார்” என்றார்கள்.